திரும்பி வரும் உத்தேசம்

"தாங்கள் திரும்பி வருவீர்கள் என்பதில்
போதிய நம்பிக்கை ஏற்படவில்லை."
அச்சடித்த காரணங்களில் அதற்கு நேரே
ஒரு டிக், நீல மையில்.
வெனிஸ் அவ்வளவுதான்.
விடுப்பு மட்டும் மிச்சமிருந்தது:
ஆறு நாள், மேலாளர் கையெழுத்தோடு.

முப்பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி
திருப்பூரில் ஆறு நாள் சும்மா இருந்தால்
மூன்றாம் நாள் யாராவது
வரன் கொண்டுவந்துவிடுவார்கள்.
ஆகவே அதே பெட்டி, அதே புது ஷூ,
பழைய புத்தகக் கடையில் வாங்கிய
முப்பது நாளில் இத்தாலிய மொழி.
விடியுமுன் நெல்லை ஜங்ஷனில் இறங்கினேன்.

"கூட யாரு வாரா?"
"யாருமில்ல."
"அப்பம் பொறவு வருவாகளோ?"
லாட்ஜ் பதிவேட்டில்
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
துறைமுகம் பார்க்க என்று எழுதினேன்.
"அது தூத்துக்குடில்லா."
"இல்ல, கொற்கை."
சாவியைக் கொடுக்காமல்
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

ஏரல் பஸ்.
ஜன்னலில் வாழை, வாழை,
ஒரு செங்கல் சூளை,
மறுபடி வாழை.

ஏரலில் பிடித்த ஆட்டோக்காரர் பெயர் முத்துமாலை.
அன்றைக்கு நான் கண்ட முத்து
அவர் பெயரில் இருந்தது மட்டும்தான்.
"கொற்கையில என்னத்தக்கா இருக்கு,
ஒரு மரம், ஒரு குளம்.
கடலு பாக்கணும்னா திருச்செந்தூர் போவம்,
நம்ம வண்டியிலயே."

மரம் இருந்தது. வன்னி.
அதன் வயதை இரண்டு பேர் சொன்னார்கள்,
ஆயிரம் வருட வித்தியாசத்தில்.
குளம் இருந்தது. கழுத்தளவு நீரில் ஓர் எருமை
வேறெங்கும் போகிற உத்தேசமில்லாமல்.
கப்பல்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில்
வாழைக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்திருந்தது
ஒரே ஒரு வாக்கியம்:
அடுத்த படகு எத்தனை மணிக்கு?
வரப்பில் நின்று அதை அவர்கள் மொழியில்
ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
"என்னம்மா?" என்று நிமிர்ந்தாள்.
"இங்க இருந்த கடல் எங்க?"
"அது போயிட்டுல்லா" என்றாள்,
எதிர்வீட்டுக்காரர்கள்
வீடு மாற்றிப்போனதைச் சொல்வதுபோல.
உரம் ஒட்டிய கையைக் கிழக்கே நீட்டி,
"அன்னா, புன்னக்காயலுக்கு."

அதனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்
ஆறு மாத வங்கிக் கணக்கு,
சம்பளச் சான்று,
உள்ளூரில் பற்றுதலுக்கு ஆதாரம்.

நான் வேலை செய்வது ஏற்றுமதிப் பிரிவில்.
கைக்குழந்தைகளின் பனியன்.
நூற்றிருபது பெட்டிக்கு ஒரு பட்டியல்,
ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பு எழுத்தில் ஜெனோவா.
எல்லாம் தூத்துக்குடி வழியாகத்தான்.
பதினோரு வருடமாக
ஒரு பனியனைக்கூட யாரும் நிறுத்தி வைத்து
நீ ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை.

ஷூவில் ஏதோ இடறியது. உடைந்த சங்கு.
குனிந்து எடுத்தேன்.
"அது கெடக்கு, மண்ணக் கிண்டுனா
சங்காத்தான் வருது" என்றாள்,
"வாழைக்கு ஆகுமா, ஒண்ணா?"
கழுவாமல் பையில் போட்டுக்கொண்டேன்.
மண்ணோடு கனமாக இருந்தது.

வெனிஸில் தண்ணீர்
வீட்டுப்படி ஏறி வருகிறதாம்.
ஒரு ஊருக்கு அப்படி, ஒரு ஊருக்கு இப்படி.
இதில் எது தேவலாம் என்று
வாழை நிழலில் உட்கார்ந்து யோசித்தேன்.
முடிவுக்கு வரும்முன் பசித்தது.
கொண்டுவந்த இரண்டு பன்னையும் தின்றேன்.

திரும்பும்போது முத்துமாலையிடம் கேட்டேன்,
"புன்னக்காயலுக்குப் பஸ் உண்டா?"
"இப்பமா?" வானத்தைப் பார்த்தார்,
பிறகு என் பெட்டியை.
"போற பஸ்ஸு இருக்குக்கா.
வாற பஸ்ஸுதான் சந்தேகம்."

இன்னும் ஐந்து நாள் இருந்தது.
ஏறிக்கொண்டேன்.